ரெண்டு விரல் குறைச்சல்

அந்தக் காருக்கு வீட்டில் மூன்று பெயர். வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிற மகன் அதை 'ராசாத்தி' என்பான். முப்பத்திரண்டு வருஷம் நூல் ஆலையில் பாய்லர் பார்த்துவிட்டு ஓய்ந்த அவனுடைய அப்பா, அது கிளம்பும்போது விடுகிற புகையைப் பார்த்து 'குட்டி பாய்லர்' என்று வைத்திருந்தார். மருமகளுக்கு அது 'சக்களத்தி'. லீவு நாள் என்று ஒன்று வந்தால் புருஷன் பல் துலக்கினானோ இல்லையோ, பானெட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொள்வான். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அவனை இடுப்புக்குக் கீழேதான் பார்க்க முடியும்.

"ஏங்க, கட்டினவளை ஒருநாளாவது இப்படி உத்துப் பார்த்திருப்பீங்களா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"நீதான் புகை விடறதில்லையே" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"விடறேன். உங்களுக்குத்தான் கண்ணு தெரியல."

டீசல் வண்டி, வயது இருபத்தாறு. எஞ்சின் இன்னும் கல்லுக்குண்டாக இருந்தது. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஹீட்டர் போயிற்று. எஞ்சினில் சுடுகிற தண்ணீரில் கொஞ்சம் ஒரு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்குள் வந்து போகும். அதன்மேல் காற்றை ஊதினால் உள்ளே இருப்பவர்களுக்குச் சூடு. அந்தத் தண்ணீரை விடுவதற்கும் நிறுத்துவதற்கும் உள்ளங்கை அளவில் ஒரு பித்தளை வால்வு. அது மூடினது மூடினபடியே சிக்கிக்கொண்டது.

பின்சீட்டில் ஏறியவர்கள் பல் தந்தியடிக்க இறங்கிப் போனார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். முன்கண்ணாடி உள்பக்கம் மூச்சுக்காற்று படிந்து வெளுத்துப்போய், ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஒரு கையால் ஓட்ட வேண்டியிருந்தது. ஒரு வளைவில் எதிரே வந்த லாரியை அவன் பார்க்கவேயில்லை, லாரிக்காரன் பார்த்ததால் பிழைத்தான். வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் தூக்கத்தில் "பிரேக், பிரேக்" என்று உளறினான். விடிந்ததும் அவள் பிடித்து உலுக்கி விஷயத்தை வாங்கிவிட்டாள். "இந்த ஞாயித்துக்கிழமை அந்த வால்வைச் சரி பண்ணல, திங்கக்கிழமை நீங்க வண்டி எடுக்கல" என்று தீர்ப்பும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் பேருக்குத்தான் இருந்தது. மாமனார் போர்வையைச் சுற்றிக்கொண்டு, காதை மூடிய தொப்பியோடு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். காபி டம்ளரை வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"அம்மாடி, ஒரே ஒரு கரண்டி சக்கரை போட்டா உலகம் முழுகிடுமா?"

போன வருஷம் அதே சர்க்கரைதான் அவருடைய இடது காலில் இரண்டு விரல்களைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து டப்பா பூட்டிய அலமாரியில், சாவி மருமகள் கையில். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. பிஸ்கட் பொட்டலத்தைத் தலையணை உறைக்குள்ளும், பக்கத்து வீட்டுக் கல்யாணத்து லட்டை மருந்து டப்பாவுக்குள்ளும் ஒளித்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். கேட்டால், மீசையில் தூள் ஒட்டியிருக்கும்போதே "நான் எதையும் தொடல" என்பார். மாமா இனிப்பு விஷயத்தில் 'இல்லை' என்றால் 'ஆமாம்' என்று அர்த்தம் என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம்.

ஊரார் அவளிடம் தைக்கக் கொடுத்த நாலு கோட்டுகள் தையல் மெஷினில் காத்துக் கிடந்தன. அந்த எரிச்சலில் அவள் சொன்னாள்: "சக்கரையைத் தின்னு ஒரேயடியாப் போய்ச் சேரணும்னா சொல்லுங்க மாமா, டப்பாவையே தூக்கிக் கொடுத்துடறேன்."

அவர் சிரித்தார். "கொடுத்துடு. புண்ணியமாப் போகும்."

பத்து மணிக்கு மாமனார் குளிர் தாங்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மகன் வண்டிக்கடியில் படுத்து ரேடியேட்டரின் கீழ்த்திருகைத் திறந்து, தண்ணீரைப் பேசினில் பிடித்தான். அது வெறும் தண்ணீர் இல்லை, குளிரில் உறையாமலிருக்கக் கலந்த கூலன்ட். பச்சைப் பசேலென்று, கடையில் விற்கிற கலர் சோடா மாதிரி இருந்தது.

"இந்தா, சுத்தமான பாத்திரம் ஒண்ணு கொண்டு வா. மூடி இருக்கறதா. போன மாசம்தான் புதுசா ஊத்தினேன், வடிகட்டித் திரும்ப ஊத்திக்கலாம்" என்று குரல் கொடுத்தான்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய்ச் சமையலறை மேல்தட்டைத் துழாவினாள். மாமனார் ஆலைக்குத் தினமும் டீ கொண்டுபோன எவர்சில்வர் தூக்கு கிடைத்தது. சும்மாதானே கிடக்கிறது என்று கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் பழைய பனியன் துணியைக் கட்டி வடிகட்டினான். தூக்கின் கழுத்தில் ஒரு வளையக் கோடு உண்டு. பச்சைத் தண்ணீர் சரியாக அந்த வளையம் வரைக்கும் வந்து நின்றது.

"அளந்து வச்ச மாதிரி இருக்கு" என்றான். பிறகு தெருவைப் பார்த்தான். எதிர்வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. "இதை வெளிய வைக்காதே. இது தித்திக்கும். நாய் நக்கிச்சுன்னா அவ்வளவுதான், ரெண்டு நாள்ல போயிடும். உள்ள கொண்டு போய் வை."

அவள் தளும்பாமல் தூக்கிக்கொண்டுபோய் அடுப்பு மேடையில் வைத்து, மூடியை மேலாக வைத்துவிட்டு, கோட்டுக்கு லைனிங் வைக்க மெஷினுக்குத் திரும்பினாள். அந்த வீட்டில் அன்றைக்கு எல்லோரும் நாயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

வால்வைக் கழற்றுவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளிப்புகள் துருப்பிடித்து ரப்பர் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கையைக் கிழித்துக்கொண்டு வெளியே எடுத்துப் பார்த்தால், உள்ளே உப்பு சுண்ணாம்பாகக் கட்டியிருந்தது. ஒரு கிண்ணத்தில் வினிகரை ஊற்றி வால்வை ஊறப்போட்டான். கால் மணிக்கு ஒருதரம் பழைய பல்துலக்கியால் தேய்த்தான். பன்னிரண்டரைக்கு வால்வின் கை லேசாக அசைந்தது. ஒரு மணிக்கு விரலால் தள்ளினாலே திரும்பியது. அதைக் கொண்டுவந்து பெண்டாட்டியிடம் காட்டி, திறந்து மூடி, திறந்து மூடி, குழந்தை கிலுகிலுப்பையைக் காட்டுவது போலக் காட்டினான்.

"வாயைத் திறந்துட்டா பாரு ராசாத்தி."

"கையைக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க."

சாப்பாட்டில் மாமனார் சரியாகக் கை வைக்கவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து ஓரத்துக்குத் தள்ளினார். "பசியில்லைம்மா" என்றார். அதைச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் இழுத்தது. எதையோ நினைத்துத் தானாகச் சிரித்துக்கொண்டார். எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கட்டிலுக்குப் போனார். பல் செட்டு வைக்கவில்லை, குளிர் வேறு, அதுதான் பேச்சு குழறுகிறது என்று அவள் நினைத்தாள். எங்கேயோ லட்டு கிடைத்திருக்கிறது என்றும் நினைத்தாள். இதை நினைத்ததைத்தான் பிறகு அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டு மணிக்கு வால்வைப் பொருத்த ஆரம்பித்தவன், "அந்தத் தூக்கை எடுத்துட்டு வா" என்றான்.

அவள் அடுப்பு மேடைக்குப் போனாள். தூக்கு வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் மேலாக வைத்த மூடி இப்போது அழுத்தித் திருகி மூடியிருந்தது. ஒரு இழுப்புக்கு வராமல், இரண்டு கையாலும் திருகிய பிறகுதான் வந்தது. உள்ளே பச்சைத் தண்ணீர் வளையத்துக்குக் கீழே நின்றது. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். சரியாக இரண்டு விரல் குறைச்சல்.

மேடையைத் தடவினாள், ஈரமில்லை. தரையில் ஒரு சொட்டு இல்லை. தூக்கின் அடியைத் தூக்கிப் பார்த்தாள், ஓட்டையில்லை. மூடியின் உள்பக்கம் யாரோ துணியால் துடைத்தது போல் பளபளவென்றிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் அந்த மூடியில் டீயை ஊற்றிக் குடித்துவிட்டு, துடைத்து, அழுத்தித் திருகி மூடிய கை ஒன்றுதான் அந்த வீட்டில் இருந்தது.

அவள் தூக்கை மேடையில் வைத்தாள்.

"ஏங்க..." என்றாள். மறுபடி, "ஏங்க! இங்க வாங்க!"

அவன் எண்ணெய்க் கையோடு வந்து பார்த்தான். முதலில் புரியவில்லை. "கொட்டிட்டியா?"

"கொட்டல. நீங்க எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு எடுக்கறேன்?"

இருவரும் ஒரே நேரத்தில் அடுத்த அறைப் பக்கம் பார்த்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

பயம் வந்தால் அவனுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். "யாரு உன்னை இந்தத் தூக்கைக் கொடுக்கச் சொன்னா?" என்று கத்தினான்.

"நீங்கதானே சுத்தமான பாத்திரம் கேட்டீங்க?"

"கேட்டா? அவர் தூக்கையா எடுத்துக் கொடுப்பே? கண்ணுல புரை, மூக்குல வாசனை தெரியாது, தித்திப்புன்னா உசிரு. இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே அவர் கைக்கெட்டற இடத்துல கொண்டுபோய் வச்சிருக்கே!"

"நீங்கதான் உள்ள வைக்கச் சொன்னீங்க..."

"எங்கப்பாவுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, நீ இந்த வீட்ல இருக்காதே. சொல்லிட்டேன்."

காலையில் தான் சொன்ன வார்த்தை அவள் காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. டப்பாவையே தூக்கிக் கொடுத்துடறேன். கொடுத்துவிட்டாளே.

அவள்தான் முதலில் உள்ளே போனாள். கட்டிலோரம் உட்கார்ந்து தோளைத் தொட்டாள். "மாமா. மாமா, எழுந்திருங்க. அடுப்பு மேடையில உங்க தூக்கு இருந்ததுல்ல, அதுல இருந்ததைக் குடிச்சீங்களா?"

அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற மகனைப் பார்த்தார்.

"எந்தத் தூக்கு?"

"உங்க டீத் தூக்கு."

"நான் எதையும் தொடல."

மகன் மூச்சை விட்டான். "பார்த்தியா? அவர்தான் இல்லைங்கறாரே. வடிகட்டும்போதே குறைச்சலா இருந்திருக்கும்."

"அளந்து வச்ச மாதிரின்னு நீங்கதான் சொன்னீங்க. வாயைப் பாருங்க, நாக்கு குழறுது. நடையைப் பாருங்க. பொறந்ததிலேர்ந்து ஒரு சொட்டு தண்ணி போடாத மனுஷன் தண்ணி போட்ட மாதிரி இருக்கார்." அவள் அவர் பக்கம் குனிந்தாள். "மாமா, சத்தியமா நான் திட்டமாட்டேன். குடிச்சீங்களா?"

"இல்லேன்னா இல்லைம்மா" என்று அவர் திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது, வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்றார்கள். என்ன குடித்தார் என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். "காத்திருக்காதீங்க. எப்படியாவது கொண்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். தெருவில் வேறு யாரிடமும் கார் கிடையாது. இருந்த ஒரு காரும் வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு வாசலில் நின்றது.

"பத்து நிமிஷம்" என்று அவன் ஓடினான்.

அவளும் பின்னால் ஓடினாள். அவன் வால்வின் இரண்டு முனையிலும் குழாயைச் சொருகிவிட்டான், ஆனால் கிளிப்பை இறுக்க முடியவில்லை. திருப்புளி திருகின் காடியில் நிற்காமல் வழுக்கி வழுக்கிப் போனது. கடைசியில் திருகு கை தவறி எஞ்சினுக்குள் விழுந்தது.

"தள்ளுங்க" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்?"

"ஊசியில நூல் கோக்கத் தெரியும். தள்ளுங்க."

கம்பிகளுக்கு நடுவே இரண்டு விரலை விட்டுத் திருகை எடுத்தாள். கிளிப்பை நேராக வைத்து, நுனியில் பொருத்தி, திருப்புளியைக் கொடுத்தாள். அவள் பிடித்துக்கொள்ள அவன் திருகினான். இரண்டாவது கிளிப்பையும் அப்படியே முடித்தார்கள். மிச்சமிருந்த பச்சைத் தண்ணீரை ஊற்றினான். அந்தத் தூக்கைத் திரும்பப் பார்க்கக்கூட அவளுக்குத் தைரியமில்லை. குறைந்திருந்த அளவுக்குக் குழாய்த் தண்ணீரை விட்டு நிரப்பினான்.

இருவரும் சேர்ந்து மாமனாரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பின்சீட்டில் ஏற்றினார்கள். அவர் கால் தரையில் பாவவில்லை. "எங்கடா கூட்டிட்டுப் போறே, குட்டி பாய்லர்லயா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு அழுகையைவிடப் பயமாக இருந்தது.

முப்பது கிலோமீட்டர். ஊரைத் தாண்டினதும் பனிமூட்டம். கண்ணாடி வெளுக்க ஆரம்பித்தது. அவன் துடைத்துக்கொண்டே ஓட்டினான். ஹீட்டர் கைப்பிடியைத் திறந்து வைத்திருந்தும் பச்சைக் குளிர்தான் வந்தது. ஆறேழு கிலோமீட்டர் போவதற்குள் சூட்டு முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே ஏறியது.

"என்னாச்சு?"

"குழாய்க்குள்ள காத்து அடைச்சிருக்கு. காத்தை எடுக்காம அவசரத்துல கிளம்பிட்டேன். தண்ணி சுத்தல."

"அப்படியே போக முடியாதா?"

"போனா எஞ்சின் தலை வெடிச்சு நடுரோட்டுல நிக்கும்."

ஓரம் கட்டினான். அவன் வெளியே போய்ப் பானெட்டைத் தூக்கியபோது அது முன்கண்ணாடியை முழுக்க மறைத்துக்கொண்டது. காருக்குள் அவளும் மாமனாரும் மட்டும். அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. மூச்சு வேகமாக வந்தது.

"தூங்காதீங்க மாமா. பேசுங்க. ஆலையில எத்தனை பாய்லர் இருந்துச்சு?"

"மூணு... ஒண்ணு எப்பவும் ரிப்பேர்."

"ராத்திரி ஷிப்ட்ல யார் கூட இருப்பாங்க?"

அவர் கண் செருகியது. அவள் அவர் கன்னத்தைத் தட்டினாள். அன்றுவரை மாமனாரின் கையைக்கூடத் தொட்டுப் பேசியறியாதவள், பளார் பளாரென்று தட்டினாள். அவர் கண்ணைத் திறந்து, "அடிக்கிறியா? அடி அடி, டப்பா சாவி உன் கைல" என்றார்.

வெளியே 'புஸ்'ஸென்று காற்று சீறியது. அவன் மேல்குழாயைத் தளர்த்தி வால்விலிருந்து காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தான். ஆவி முகத்தில் அடித்ததில் ஐயோ என்று கத்தியது கேட்டது. கிளிப்பை மறுபடி இறுக்கி, பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தபோது நெற்றி ஒரு பக்கம் சிவந்திருந்தது. ஏழு நிமிஷம் போய்விட்டது. அவள் கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வண்டி நகர்ந்து இரண்டு நிமிஷத்தில் காலடியில் வெதுவெதுப்பு வந்தது. பிறகு நல்ல சூடு. கண்ணாடியின் ஓரத்திலிருந்து வெளுப்பு விலகி ரோடு தெரிந்தது.

"வந்துடுச்சு" என்றான் அவன். அந்த நிலையிலும் குரலில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் கண்ணாடி தெரிகிறதே, அதுவும் வேண்டியிருந்தது.

சூடு ஏற ஏற மாமனார் இன்னும் கிறங்கினார். தாடை தொங்கியது. அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, அவர் முகத்தைக் குளிர்காற்றுக்குக் காட்டிப் பிடித்துக்கொண்டாள். ஒரு காலையும் ஒரு நடுப்பகலும் பாடுபட்டுக் கொண்டுவந்த சூட்டை ஜன்னல் வழியே வெளியே விட்டுக்கொண்டு அந்தக் கார் ஓடியது.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கருவளையம். சர்க்கரை பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார். பிறகு இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"இதைக் குடிச்சிருந்தா முதல்ல போதை மாதிரி இருக்கும். அப்புறம் தெளிஞ்ச மாதிரி தெரியும். வீட்ல சந்தோஷப்படுவாங்க. அதுக்கப்புறம் கிட்னி நின்னுடும்."

"மருந்து இருக்கா டாக்டர்?"

"இருக்கு. நேரத்துக்குக் கொடுத்தா நல்லா வேலை செய்யும். ஆனா குடிக்காதவருக்குக் கொடுத்தா, இந்த வயசுக்கு, இந்தச் சர்க்கரைக்கு, அந்த மருந்தே ஆபத்து. வயசானவங்களுக்கு மூளையில சின்ன அடைப்பு வந்தாலும் நாக்கு இப்படிக் குழறும். ரத்தத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா நாளைக்குத்தான் முடிவு வரும். குடிச்சாரா இல்லையா? குடிச்சார்னா எவ்வளவு, எத்தனை மணிக்கு? அது தெரிஞ்சாகணும்."

மகன் கட்டிலருகே போனான். "அப்பா, டாக்டர் கேக்கறாங்க. குடிச்சீங்களா?"

"எத்தனை தரம்டா சொல்றது? தொடல."

"தொடலைங்கறார் டாக்டர்" என்றான். அவனுக்கு அதை நம்ப வேண்டும், நம்பினால்தான் நிற்க முடியும் என்பது அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது.

டாக்டரம்மா மருமகளைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"குடிச்சிருக்கார்" என்றாள். "ஆனா பார்க்கல."

"பார்க்காததை வச்சு நான் எப்படிம்மா..." என்று அவர் மணியைப் பார்த்தார். மூன்றரை.

வாசலிலிருந்து காவலாளி வந்து, காரை ஆம்புலன்ஸ் வழியில் நிறுத்தியிருப்பதாகச் சத்தம் போட்டான். மகன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பேச அடுத்த அறைக்குப் போனார்.

மாமனார் கண்ணைத் திறந்தார். ஒரு விரலை ஆட்டி அவளைக் கூப்பிட்டார்.

"அவன் போயிட்டானா?"

"போயிட்டார் மாமா."

"ரெண்டு மூடி" என்றார்.

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"ரெண்டு மூடி குடிச்சேன். பத்தரை, பதினொண்ணு இருக்கும். உன் மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. என் தூக்கு இருந்துதா... நீ ஏதோ கலந்து ஒளிச்சு வச்சிருக்கேன்னு நெனச்சேன். மனசு கேக்கல."

"ஐயோ மாமா! அப்பவே கேட்டேனே! நான் திட்டுவேன்னா சொல்லல?"

"நீ திட்டறது புதுசாம்மா? தினம் வாங்கறதுதானே." வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினார். "அவன் உன்னைச் சொன்னான்ல. வீட்ல இருக்காதேன்னான். நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். குடிச்சேன்னு சொன்னா, தூக்கைக் கொடுத்தது நீன்னு ஆயிடும். சொல்லாமப் போனா, வயசாச்சு, போயிட்டான்னு போயிடும். அவனுக்குக் கோவம் வந்தா எத்தனை வருஷம் நிக்கும்னு எனக்குத் தெரியும். நான் பெத்தவன்." அவள் கையைப் பிடித்தார். "அவன்கிட்ட சொல்லிடாதே."

அவள் கையை உருவிக்கொண்டு ஓடினாள். நடைவழியில் செருப்பு கழன்றது, எடுக்கவில்லை.

"டாக்டர்! ரெண்டு மூடி! பத்தரை, பதினொரு மணிக்கு! அவரே சொல்லிட்டார். என் உள்ளங்கை அளவு வரும் அந்த மூடி, ரெண்டு மூடி!"

அவள் உள்ளங்கையைக் குவித்துக் காட்டிக்கொண்டு நின்றபோது, எதிர்ப்பக்கம் அவள் புருஷன் கார்ச் சாவியோடு வந்துகொண்டிருந்தான். அவன் காதிலும் விழுந்துவிட்டது. அவள் அவனிடம் திரும்பினாள்.

"தூக்கைக் கொடுத்தது நான்தான். வீட்ல இருக்கவா போகவான்னு அப்புறம் பேசிக்கலாம். இப்ப அவர் பொழைக்கணும்."

டாக்டரம்மா இருவரையும் விலக்கிக்கொண்டு ஓடினார். நர்ஸ் ஓடினாள், கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். கண்ணாடிப் பாட்டில்கள் மோதுகிற சத்தம் கேட்டது. "நரம்பு கிடைக்கல, அந்தக் கையைப் பிடி" என்ற குரல் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டரம்மா திரைக்கு வெளியே தலையை நீட்டினார். "மருந்து ஏறுது. நேரம் தாண்டிடல. இன்னும் ரெண்டு மணி நேரம் மூடி மறைச்சிருந்தீங்கன்னா நான் கையை விரிச்சிருப்பேன். கிட்னி என்ன சொல்லுதுன்னு காலையில பார்ப்போம்." தலை உள்ளே போய்விட்டது.

அவள் சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் அவளுடைய செருப்பை எங்கிருந்தோ எடுத்துவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் கீழே உட்கார்ந்தான். ஆவி பட்ட நெற்றி தடித்துக் கொப்புளித்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

திரைக்குள் நர்ஸ் ஏதோ தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். "பெரியவரே, தூங்காதீங்க. கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. இதை உங்களுக்கு யார் கொடுத்தாங்க?"

"யாரும் கொடுக்கலம்மா." நாக்கு இழுத்தாலும் குரலில் அழுத்தம் இருந்தது. "என் தூக்கு அது. நான்தான் மேல்தட்டுலேர்ந்து எடுத்தேன், நான்தான் ஊத்தினேன், நான்தான் அடுப்பு மேடையில வச்சேன். என் மருமக அந்தப் பக்கமே வரல."

தரையில் உட்கார்ந்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"எழுதிட்டியா?" என்று உள்ளே அவர் கேட்டார். "மருமக வரலைன்னு எழுதும்மா. எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டு."